வாசல் தெரியாத பல்கலைக்கழகம்

சென்ற வருடம் என் ராத்தா ஒரு பல்கலைக்கழகத்தின் ஒன்லைன் கற்கைநெறிக்கு விண்ணப்பிக்க முயன்றார். அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் வாசிப்பவர்கள் பெயரோடு நின்றுவிடுவார்கள். நான் பேச விரும்புவது அதன் இணையத்தளத்தைப் பற்றி மட்டும்.

ராத்தா கலைப்பிரிவில் உயர்தரம் எழுதியவர். மூன்று பாடங்களிலும் சித்தி, பல்கலைக்கழகம் செல்லத் தகுதியும் உண்டு. ஆனால் எமது மாவட்டத்துக்கான இசட் புள்ளி அவருக்குச் சிறு வித்தியாசத்தில் தவறிப்போனது. இந்த நாட்டில் இது புதிய கதையல்ல. ஒவ்வொரு வருடமும் தகுதி பெறுவோரில் பெரும் பகுதியினருக்கு அரச பல்கலைக்கழகங்களில் இடம் கிடைப்பதில்லை. வீட்டில் மூத்தும்மா படுக்கையில். அவரைக் கழுவித் துடைத்து மருந்து கொடுப்பது ராத்தாதான். தூர இடத்தில் தங்கிப் படிக்க வழியில்லை. ஆகவே ஒன்லைன் பட்டப்படிப்பு அவருக்குக் கிடைத்த இரண்டாவது வாய்ப்பல்ல, ஒரே வாய்ப்பு.

ஒரு நாள் மக்ரிபுக்குப் பிறகு உம்மாவின் போனை எடுத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம். இணையத்தளம் திறந்தது. முதலில் ஒரு பட்டமளிப்பு விழாப் படம். அது மெதுவாக நகர்ந்து ஒரு கட்டடத்தின் படம் வந்தது. பிறகு உபவேந்தரின் செய்தி. ரீலோட் பண்ணிய டேட்டா கரைந்துகொண்டிருந்தது. ஒன்லைன் கற்கைநெறி எங்கே என்று தேடித் தேடி, கடைசியில் நான்கு ஆங்கில எழுத்துக்களாலான ஒரு சுருக்கப் பெயரின் கீழே அதைக் கண்டுபிடித்தோம். அந்தச் சுருக்கம் ஒரு நிலையத்தின் பெயராம். உள்ளே இருப்பவருக்கு அது தெரியும். வெளியே நிற்பவருக்கு எப்படித் தெரியும்?

விண்ணப்பப் படிவத்தில் "குடும்பப் பெயர்" என்று ஒரு கட்டம். எமக்கு ஏது குடும்பப் பெயர்? வாப்பாவின் பெயரைப் போட்டோம். அடுத்தது அடையாள அட்டை இலக்கம். ராத்தாவிடம் இருப்பது 12 இலக்கம் கொண்ட புதிய அட்டை. படிவமோ பழைய அட்டையின் ஒன்பது இலக்கத்தையும் ஓர் எழுத்தையும் தவிர வேறெதையும் ஏற்க மறுத்தது. மீண்டும் மீண்டும் அழுத்தியதில் எல்லாம் அழிந்து முதல் பக்கத்துக்கே போய்விட்டது. மறுநாள் சந்தியிலுள்ள கொமினிகேஷனுக்குப் போனோம். அங்கிருந்தவர்தான் ஓர் அறிவித்தலைத் திறந்து காட்டினார். கடிதமொன்றை ஸ்கேன் செய்து போட்டிருந்தார்கள். முடிவுத் திகதி அதன் மூன்றாம் பக்கத்தில் இருந்தது. அது முடிந்து இரண்டு நாளாகியிருந்தது.

ராத்தா ஒன்றும் சொல்லவில்லை. பாதை நெடுகிலும் "எனக்குத்தான் ஒழுங்காப் பார்க்கத் தெரியல்ல" என்று மட்டும் இரண்டு தரம் சொன்னார். இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்த வார்த்தைதான். ஏனென்றால் அது உண்மையில்லை.

எமது தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் முறைமை விருத்தி என்று ஓர் அலகு உண்டு. ஒரு முறைமையைக் கட்டுவதற்கு முன் பயன்படுத்துவோரின் தேவைகளை இனங்காண வேண்டும். நேர்காணல், வினாக்கொத்து, அவதானிப்பு என்று அதற்கு வழிகள் உள்ளன. பரீட்சைக்காக எல்லாரும் பாடமாக்குவோம், நானும் பாடமாக்கியிருந்தேன். இம்முறை உண்மையாகவே செய்து பார்த்தால் என்ன என்று தோன்றியது. என் தோழிகள் இருவரும் சேர்ந்துகொண்டார்கள்.

முதலில் வினாக்கொத்துத்தான் செய்தோம், அது இலகு என்பதால். "இந்த இணையத்தளம் பயன்படுத்த வசதியானதா?" என்று தெரிந்தவர்களிடம் கேட்டோம். அநேகமாக எல்லாரும் "வசதியானது" என்றே குறியிட்டார்கள். எமக்குச் சந்தோஷமே வரவில்லை. ராத்தாவுக்கு நடந்தது கண்முன்னே இருந்தது. பிறகுதான் விளங்கியது. தெரியவில்லை என்று எழுதிக்கொடுக்க யாருக்கும் விருப்பமில்லை.

எனவே அவதானிப்புக்கு மாறினோம். இணையத்தளப் பயன்பாட்டைப் பற்றி நிறைய எழுதியவர் டென்மார்க்கில் பிறந்த ஜேக்கப் நீல்சன். ஐந்து பேரைப் பக்கத்தில் இருத்தி அவர்கள் பயன்படுத்துவதைப் பார்த்தாலே குறைகளில் சுமார் 85 வீதம் வெளிப்பட்டுவிடும் என்று அவர் 2000ஆம் ஆண்டில் எழுதினார். அந்த எண்ணிக்கையை எல்லாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் எமக்கு அது தைரியம் தந்தது. ஐந்து பேர் எங்கள் ஒழுங்கைக்குள்ளேயே இருக்கிறார்கள் அல்லவா?

ராத்தா, அவரோடு படித்த இருவர், பாலர் பாடசாலையில் படிப்பிக்கும் எங்கள் சாச்சி, கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்திருந்த அடுத்த வீட்டுக் காக்கா. ஐந்து பேருக்கும் மூன்று வேலைகள் கொடுத்தோம். இப்போது சேரக்கூடிய ஒரு கற்கைநெறியைக் கண்டுபிடிக்க வேண்டும், அதற்கு மொத்தமாக எவ்வளவு செலவாகும் என்று சொல்ல வேண்டும், எப்போது விண்ணப்பம் முடிகிறது என்று சொல்ல வேண்டும். நாங்கள் உதவக் கூடாது. இதுதான் மிகக் கஷ்டமான பகுதி. யாராவது தவறான இடத்தை அழுத்தும்போது என் விரல் தானாகவே நீளும். கடைசியில் என் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பட்டமளிப்புப் படங்களை ஒருவரும் பார்க்கவில்லை. பெருவிரலால் தள்ளிக்கொண்டே போனார்கள். மூன்று பேர் "மாணவர்கள்" என்ற இடத்தை அழுத்தினார்கள். அது ஏற்கெனவே சேர்ந்தவர்களுக்கானது என்பது உள்ளே போன பிறகே தெரிந்தது. கட்டணத்தைக் கண்டுபிடித்தது காக்கா மட்டும். அதுவும் அந்தத் தளத்தை மூடிவிட்டு கூகுளில் தேடித்தான்.

சாச்சியின் விடயம்தான் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அவர் நேரே "தமிழ்" என்ற சொல்லை அழுத்தினார். அங்கே தூரநோக்கு, பணிநோக்கு, ஒரு பழைய அறிவித்தல். அவ்வளவுதான். ஓரிடத்தில் "இப்போது பூசவும்" என்று ஒரு பொத்தான் இருந்தது. விண்ணப்பிக்கவும் என்பதற்கு இயந்திரம் செய்த மொழிபெயர்ப்பு! நாங்கள் சிரித்துவிட்டோம். சாச்சி சிரிக்கவில்லை. பேசாமல் ஆங்கிலப் பக்கத்துக்குத் திரும்பினார். வெகுநேரம் ஒரே பக்கத்தை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தார். விளங்குகிறதா என்று கேட்டதற்கு "ஓம், விளங்குது, பரவாயில்ல" என்றார். முடிவுத் திகதியை அவர் கண்டுபிடிக்கவேயில்லை. இருபது வருடமாகப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்த ஒருவர், தன் மருமகளின் முன்னால் தெரிந்ததுபோல் நடிக்க வேண்டியிருந்தது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் இந்நாட்டின் அரச கரும மொழியாக்கியது. அந்த மொழியில் ஒரு பொத்தானைச் சரியாக எழுதுவது அவ்வளவு பெரிய வேலையா?

ஆறாவது ஆளை நாங்கள் அழைக்கவில்லை. குசினியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த உம்மா கையைத் துடைத்தபடி வந்தார். போனை வாங்கிப் பார்க்கவுமில்லை. "இதெல்லாம் இரிக்கட்டும். பரீட்ச எங்க நடக்கும்? தனியப் போய் வரணுமா? காசு ஒரே தடவையில கட்டணுமா? மூத்தும்மாவப் பாத்துக்கிட்டுப் படிக்க ஒரு நாளைக்கு எத்தின மணித்தியாலம் வேணும்?" என்று கேட்டார்.

இந்த நான்கு கேள்விகளுக்கும் அந்தத் தளத்தில் எங்கும் நேரான பதில் இல்லை. எங்கள் மூன்று வேலைகளிலும் இவற்றில் ஒன்றுகூட இல்லை! உம்மாவுக்கு ஆங்கிலம்தான் தடையாக இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். தமிழில் இருந்தாலும் அவருக்கு வேண்டியது அங்கே இருந்திருக்காது. எங்கள் வீடுகளில் ஒரு பெண்பிள்ளை படிப்பதா இல்லையா என்பதைப் பிள்ளை தனியாகத் தீர்மானிப்பதில்லை. உம்மாவும் வாப்பாவும் அதில் இருக்கிறார்கள். ஒன்லைன் கற்கைநெறி நடத்தும் பல்கலைக்கழகம் தன் தளத்தைப் பெற்றோரும் பார்ப்பார்கள் என்று நினைக்கவேயில்லை.

ஏன் இப்படி ஆகிறது? யாரும் வேண்டுமென்று செய்வதாக எனக்குத் தோன்றவில்லை. அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரர் ரண்டல் மன்ரோ 2010இல் ஒரு சித்திரம் வரைந்தார். இரண்டு வட்டங்கள். ஒன்றில் பல்கலைக்கழகத் தளங்களின் முதற்பக்கத்தில் இருப்பவை: வளாகப் படங்கள், தலைவரின் கடிதம், ஊடக அறிக்கைகள். மற்றதில் மக்கள் தேடி வருபவை: விண்ணப்பப் படிவம், பாடப் பட்டியல், தொலைபேசி இலக்கங்கள். இரண்டு வட்டங்களும் வெட்டும் இடத்தில் இருப்பது ஒன்றே ஒன்று, பல்கலைக்கழகத்தின் முழுப்பெயர். ஆகவே இது எங்கள் நாட்டுக்கு மட்டும் உரிய நோயல்ல. ஒவ்வொரு பிரிவும் தன் செய்தி முன்னால் வரவேண்டும் என்று விரும்பும். அந்தக் கூட்டத்தில் ராத்தாவுக்காகப் பேச ஒரு கதிரை இல்லை.

எங்கள் வகுப்பில் ஒருத்தி இதற்கு மறுப்புச் சொன்னாள். "பட்டம் படிக்க வாறவங்க ஒரு திகதியத் தேடிக் கண்டுபிடிக்கக் கூடாதா? அதுவும் முடியாட்டி எப்படிப் படிப்பாங்க?" கெட்டிக்காரி, அவளுடைய கேள்வியை நான் இலேசாக எடுக்கவில்லை. தேடிக் கற்பது மாணவரின் கடமைதான். ஆனால் உயர்தரப் பரீட்சைக்குப் பாடத்திட்டம் உண்டு, கடந்தகால வினாத்தாள் உண்டு, மீள்பரிசீலனைகூட உண்டு. இந்தத் தளம் யாரும் அறியாமல் வைக்கப்படும் ஒரு நுழைவுப் பரீட்சையாக இருக்கிறது. அதில் தவறியவருக்குத் தவறியதே தெரியாது. யார் தவறுகிறார்கள் என்றும் பாருங்கள். கெம்பஸில் படிக்கும் நானா ஒருவர் வீட்டில் இருந்தால் அவர் ஒரு கோல் எடுத்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்கப் போகிறவளுக்கு அந்தத் தளத்தைத் தவிர வேறு யாருமில்லை.

பணமில்லை என்று சொல்வார்கள். புதிய நிறம், புதிய படம், புதிய மென்பொருள் என்று மாற்றுவதற்குத்தான் பெரும் பணம் வேண்டும். நாங்கள் செலவழித்தது ஒரு சீ.ஆர். கொப்பியும் ஐந்து பேருக்குத் தேநீரும். பிரித்தானிய அரசாங்கம் தன் சேவைகளை ஒரே தளத்துக்குக் கொண்டுவந்து 2012இல் கவ்.யூகே என்ற தளத்தைத் தொடங்கியபோது, திணைக்களத்துக்கு என்ன சொல்ல வேண்டும் என்பதிலிருந்து அல்லாமல், மக்களுக்கு என்ன தேவை என்பதிலிருந்து தொடங்குவதையே முதல் விதியாக வைத்தது. அலங்காரமே இல்லாத தளம் அது. வெறும் எழுத்து. போனிலும் உடனே திறக்கும்.

நாங்களும் கடதாசியில் ஒரு முதற்பக்கம் வரைந்து பார்த்தோம். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது: நாங்கள் முதலில் வரைந்ததும் ஒரு பெரிய படம்தான்! மடிக்கணினியோடு சிரிக்கும் ஒரு பெண்பிள்ளை. சாச்சி அதைக் கண்டுகொள்ளவேயில்லை, கீழே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தார். படத்தை அழித்தோம். "கற்றல் முறை" என்று ஒரு தலைப்புப் போட்டிருந்தோம். உம்மாவுக்கு அது என்னவென்று விளங்கவில்லை. "வகுப்பு எப்படி நடக்கும்?" என்று மாற்றினோம், விளங்கியது. மூன்றாம் தடவை வரைந்ததில் ஒவ்வொரு கற்கைநெறிக்கும் ஒரே பக்கம். அதன் மேற்பகுதியில் யார் சேரலாம், மொத்தச் செலவு, தவணையாகக் கட்டலாமா, பரீட்சை நிலையம், முடிவுத் திகதி. மூன்று மொழியிலும், படமாக அல்லாமல் எழுத்தாக. பெயருக்குக் கட்டம் ஒன்றுதான், அடையாள அட்டையில் உள்ளபடி. நாங்கள் கெட்டிக்காரர்கள் என்பதால் இது வரவில்லை. இரண்டு தடவை பிழை விட்டு, பிழையைப் பக்கத்திலிருந்து பார்த்ததால் வந்தது.

பல்கலைக்கழகங்களிடம் நான் கேட்பதும் அவ்வளவுதான். புதிய தளம் கட்டுவதற்கு முன்னும், கட்டும்போதும், கட்டிய பின்னும் சேராதவர்களை அழைத்து இருத்திப் பாருங்கள். சேர்ந்தவர்களிடம் கேட்டால் போதாது. அவர்கள் எப்படியோ வாசலைக் கண்டுபிடித்தவர்கள். போனில் பார்க்கச் சொல்லுங்கள். தமிழில் பார்க்கச் சொல்லுங்கள். ஓர் உம்மாவையும் அழையுங்கள்.

எங்கள் கொப்பியில் இருந்ததைச் சுருக்கி, வரைந்த மூன்றாம் பக்கத்தின் போட்டோகொப்பியையும் இணைத்து, அந்தப் பல்கலைக்கழகத்தின் பதிவாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். கடிதத்தில் ராத்தாவும் கையெழுத்திட்டார். அடுத்த விண்ணப்பம் எப்போது கோரப்படும் என்று கிழமைக்கு ஒரு தடவை அந்த நான்கு எழுத்துக்களின் கீழே போய்ப் பார்க்கிறார். அடையாள அட்டைக் கட்டத்தை மட்டும் யாரோ திருத்தியிருக்கிறார்கள். இப்போது 12 இலக்கமும் போகிறது. எங்கள் கடிதத்தாலா என்று தெரியாது. பரீட்சை எங்கே நடக்கும் என்று உம்மா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.