அருகிலிருப்பதை அறிவோம்

மிருகக்காட்சிசாலை என்றவுடன் ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் நம் நினைவிற்கு வருகின்றன. ஆஸ்திரியா நாட்டின் இன்ஸ்புருக் நகரில், ஆல்ப்ஸ் மலைச்சரிவில், 1962ஆம் ஆண்டு திறக்கப்பட்ட காட்சிசாலையில் இவற்றைக் காண இயலாது. ஓநாய், பழுப்புக் கரடி, காட்டாடு, தாடிக்கழுகு என அம்மலைத்தொடருக்குரிய உயிரினங்களுக்கு மட்டுமே அங்கு இடமுண்டு.

இவற்றுள் தாடிக்கழுகின் வரலாறு நம்மைச் சிந்திக்க வைக்கிறது. ஆட்டுக்குட்டிகளையும் குழந்தைகளையும் தூக்கிச் செல்லும் பறவை என்று மக்கள் அதன்மேல் பழி சுமத்தினர். உண்மையிலோ, இறந்த விலங்குகளின் எலும்பே அதன் முதன்மை உணவு. பொய்ப்பழியை நம்பி அதனைக் கொன்று குவித்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ப்ஸ் மலைகளில் அவ்வினமே அற்றுப்போயிற்று.

இன்ஸ்புருக் காட்சிசாலை அப்பறவையைப் பேணிக் குஞ்சு பொரிக்கச் செய்தது. காட்சிசாலைகளில் பிறந்த இளம்பறவைகள் 1986ஆம் ஆண்டு முதல் மலைகளில் விடப்பட்டன. 1997இல், பிரான்ஸ் நாட்டு மலைப்பகுதியில், தாமே கூடு கட்டிய ஓர் இணை குஞ்சு பொரித்தது.

தொலைவிலுள்ளதை வியக்கிறோம், அருகிலுள்ளதை அறியாமலே பழிக்கிறோம். விலங்குகளிடம் மட்டுமா இத்தவற்றைச் செய்கிறோம்? பிள்ளைகளைக் காட்சிசாலைக்கு அழைத்துச் செல்கையில், நம் மண்ணின் உயிர்களுக்கு முன்னும் சற்று நேரம் நிற்போம். அவற்றின் உண்மை வரலாற்றை எடுத்துக் கூறுவோம்.