அகத்திய மீனும் ஆண்டுக் கணக்கும்

பிப்ரவரித் தொடக்கத்தில், இரவு ஒன்பது மணியளவில் சாந்திபுரத்தில் தெற்கு நோக்கி நிற்பவருக்கு, அடிவானிலிருந்து சுமார் 24 பாகை உயரத்தில் ஒரு வெண்ணிற விண்மீன் தெரியும். அதற்கு வெகு மேலே சிரியஸ் ஒளிரும். இரவு வானில் ஒளியால் முதலிடம் சிரியஸுக்கு. இரண்டாம் இடம் இந்தத் தென்மீனுக்கு. வானியலார் அதனைக் கனோபஸ் என்பர். நம் மரபு அகத்தியர் என்கிறது. பரிபாடலின் 11ஆம் பாடலில் வரும் பொதியில் முனிவனும் இம்மீனே.

விந்தியத்தின் செருக்கை அடக்கித் தெற்கே போன முனிவர் திரும்பவே இல்லை என்பது தொன்மம். இதனை அடிப்படையாகக் கொண்டு அண்மைக்காலத்தில் ஒரு கணக்கு பரவி வருகிறது. அயனசலனத்தால் அம்மீன் விந்தியப் பகுதியில் முதன்முதலில் புலப்பட்ட காலத்தைக் கணினியில் கண்டறிந்து, அதுவே அகத்தியரின் காலம் என்றும், அதனால் தமிழின் தொன்மையும் அதுவே என்றும் முடிவு கட்டுகின்றனர்.

இக்கணக்கின் முதற்பாதியில் பிழையில்லை. ஏறத்தாழ 12,000 ஆண்டுகளுக்கு முன் அம்மீன் விண்ணின் தென்துருவத்தை வெகுவாக நெருங்கியிருந்தது. சாந்திபுரத்திலிருந்தும் அதைக் காண்பது அரிதாக இருந்திருக்கும். பிழை பிற்பாதியில் உள்ளது. ஒரு மீன் கண்ணுக்குத் தெரியத் தொடங்கிய காலம், அதைப் பற்றிய கதைக்கு மேலெல்லையை மட்டுமே தரும். அதற்குப் பின் எந்த நூற்றாண்டிலும் அக்கதை பிறந்திருக்கலாம். விந்தியத்தில் நிற்பவருக்கு இன்றும் அது தென் அடிவானில் தாழ்ந்தே எழுந்து, விரைவில் மறைகிறது. கதைக்குத் தேவையான காட்சி இன்றும் அங்கே இருக்கிறது.

அரபு மரபு இதனைத் தெளிவாக்கும். அங்கே இம்மீனின் பெயர் சுஹைல். மணந்த பெண்ணின் இறப்புக்குக் காரணமாகி, பழிக்கு அஞ்சித் தெற்கே ஓடியவன் அவன். சிரியஸ் அவனைப் பின்தொடர்ந்து சென்ற தங்கை. ஒரு மரபில் முனிவர், மற்றொன்றில் குற்றவாளி. எனினும் இரண்டு கதைகளும் விடை தேடும் வினா ஒன்றே: இத்தனை ஒளியுள்ள மீன் ஏன் தெற்கின் விளிம்பிலேயே தங்கிவிட்டது? சுஹைல் கதையைக் கொண்டு அரபு மொழியின் வயதைக் கணிப்பது எவ்வளவு பொருந்தாதோ, அகத்தியர் கதையைக் கொண்டு தமிழின் வயதைக் கணிப்பதும் அவ்வளவே பொருந்தாது.

தொல்காப்பியத்தின் சிறப்புப் பாயிரம் அதங்கோட்டாசானைச் சொல்கிறது, அகத்தியரைச் சொல்லவில்லை. தமிழுக்கும் அகத்தியருக்குமான தொடர்பு எப்போது, எந்நூலில், யாருடைய தேவைக்காக வலுப்பெற்றது என்பதே ஆய்வுக்குரிய வினா. அதற்கு விடை சுவடிகளிலும் உரைகளிலும் கல்வெட்டுகளிலும் தேடப்பட வேண்டியது.

தொன்மத்தைப் பொய்யென ஒதுக்குவதும் இதற்கு மாற்றாகாது. அது வானை உற்றுநோக்கிய மக்களின் பதிவு; அவ்வகையில் மதிக்கத்தக்கது. ஆனால் அதில் நாள்காட்டி இல்லை. இல்லாத ஆண்டை அதன்மேல் ஏற்றும் ஆய்வேட்டை முதலில் மறுப்பவர் பகைவராக இருக்கத் தேவையில்லை. ஒரு நல்ல தேர்வாளரே போதும். அன்று ஐயத்துக்கு உள்ளாவது அந்த ஓர் ஆய்வேடு மட்டுமன்று. சான்றுகளோடு நிற்கும் தமிழின் உண்மையான தொன்மையும்தான்.