பழைய சிந்தசைசர் ஒலிதான் உசத்தியா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, அதில் இசை அமைத்துப் பார்க்க நினைப்பவர்களை ஒரு பேச்சு பயமுறுத்துகிறது. "கம்ப்யூட்டர் ஒலியில் உயிர் இருக்காது, பழைய அனலாக் சிந்தசைசர்தான் அசல்" என்பதே அது. என்னைக் கேட்டால், இதில் பாதிதான் உண்மை.

முதலில் அந்தப் பாதியைப் பார்ப்போம். 1970-ல் வந்த மினிமோக் சிந்தசைசரில் ஒலியை உருவாக்க மூன்று ஆஸிலேட்டர்கள் உண்டு. இவை மின்சுற்றுகள். எனவே சூடு ஏறினால் சுருதி சற்றே நகரும். மூன்றும் இம்மியளவு விலகி ஒலிக்கும்போது ஏற்படும் அசைவு காதுக்கு இதமாக இருக்கிறது.

1990-களின் இறுதியில் வந்த சாப்ட்வேர் சிந்தசைசர்கள் பலவற்றில் இந்த இதம் குறைவுதான். விநாடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து பதியும் முறையில், 22,050 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அதிர்வுகளுக்கு இடமில்லை. அவற்றை முன்பே நீக்காவிட்டால் கீழே மடங்கி வந்து, ஒலியைக் கரகரப்பாக்கும். இதைத் தடுக்கும் கணக்குகள் அன்றைய பிராசஸர்களுக்குப் பெரும் சுமை.

இன்று அந்தச் சுமை இல்லை. உதாரணமாக, 2018-ல் ஓப்பன் சோர்ஸ் ஆக்கப்பட்ட சர்ஜ் என்ற சிந்தசைசரின் இப்போதைய பதிப்பான சர்ஜ் எக்ஸ்டி முற்றிலும் இலவசம். சுருதி நகர்வை வேண்டிய அளவுக்குச் சேர்க்கும் வசதியும் அதில் உண்டு.

பழைய கருவிகளின் சிரமங்களையும் மறக்கக்கூடாது. மினிமோக்கில் ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் ஒலிக்கும். ஒலி அமைப்பைச் சேமிக்க மெமரி கிடையாது. ஒவ்வொரு குமிழும் இருந்த நிலையைத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் குமிழைத் திருகியவுடன் ஒலி மாறும் சுகம் மவுசில் வராது. பழைய கருவிக்காகப் பணம் கொடுப்பதென்றால் அந்தச் சுகத்திற்காகக் கொடுக்கலாம்.

நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரே மெட்டை இரண்டிலும் பதிந்து, ஒலி அளவைச் சமமாக வையுங்கள். சற்றே சத்தமாக ஒலிப்பதுதான் நல்லது போலத் தோன்றும். அதனால்தான் இந்த எச்சரிக்கை. கண்ணை மூடிக்கொள்ளுங்கள். நண்பர் மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்யட்டும். எது எது என்று பத்து முறையும் சரியாகச் சொன்னால் உங்கள் காதை நம்பிச் செலவு செய்யுங்கள்.

தடுமாறினால், அந்தப் பணத்தில் முதலில் நல்ல ஹெட்போன் ஒன்று வாங்குங்கள். மலிவான ஸ்பீக்கரில் எந்தச் சிந்தசைசரும் ஒன்றுபோலத்தான் கேட்கும். கருவி கிடைக்கவில்லையே என்று காத்திருக்காமல் இன்றே மெட்டுப் போட உட்காருங்கள்.