காலாவதியாகாத கணிப்புகள்

ஆடை வடிவமைப்புத் துறை உள்ள பல்கலைக்கழக நூலகங்களில், சந்தா புதுப்பிக்கும் மாதம் வந்தாலே முதல் வெட்டு டிரெண்ட் கணிப்பு வளங்கள் மீதுதான் விழுகிறது. விலை அதிகம், ஒரே துறைதான் பயன்படுத்துகிறது, பருவம் முடிந்தால் பயனில்லை என்கிறது நிதிக்குழு. முதல் இரண்டும் உண்மை. மூன்றாவதை நூலகர்களாகிய நாம்தான் மறுக்க வேண்டும்.

கணிப்பேடுகள் பொதுவாக விற்பனைப் பருவத்துக்கு 18 முதல் 24 மாதம் முன்பே வெளிவருகின்றன. அதுவரை அவை மாணவருக்கு வேலைக் கருவி: நிறம், நூல், துணி, வெட்டு எல்லாம் அதில் கிடைக்கும். பருவம் கடந்ததும் அதே ஏடு ஆய்வுச் சான்றாகிறது. கணித்தது எது, கடைக்கு வந்தது எது, யார் சொல்லி ஒரு நிறம் பரவியது என்று ஒப்பிட வேறு வழியில்லை. பாரிஸின் பெக்லர்ஸ் கணிப்பு நிறுவனம் 1970இல் தொடங்கியது. அக்கால ஏடுகளை இன்று ஆராய முடிகிறதென்றால், யாரோ அவற்றைக் கழிக்காமல் வைத்ததால்தான்.

லண்டனில் 1998இல் டபிள்யூஜிஎஸ்என் என்ற இணையக் கணிப்புச் சேவை தொடங்கிய பிறகு கணிப்பு திரைக்கு மாறியது. 2013இல் போட்டிச் சேவையான ஸ்டைல்சைட்டும் அதனுடன் சேர்க்கப்பட்டது. போட்டியாளர் குறையக் குறைய விலை பேசும் இடமும் நமக்குக் குறைகிறது. தரவுத்தளச் சந்தா வாடகை வீடு மாதிரி; நிறுத்திய மறுநாள் கையில் எதுவும் மிஞ்சாது. ஆகவே தரவுத்தளத்தோடு துணி மாதிரி ஒட்டிய அச்சேடு ஒன்றையேனும் ஆண்டுதோறும் வாங்கிச் சேர்ப்பது நல்லது.

2025இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் ஆய்விதழ்களுக்கானது. வணிகக் கணிப்புச் சேவைகளுக்கு அது உதவாது. ஆனால் அதில் சேர்ந்த அரசு நிறுவனங்களுக்கு இதழ்ச் சந்தாவில் மிச்சமாகும் தொகையில் ஒரு பங்கைக் கணிப்பு வளங்களுக்குக் கேட்கலாம். எதை வாங்குவது என்பதிலும் கவனம் தேவை: ஐரோப்பியக் குளிர்காலத்தை வைத்து எழுதிய கணிப்பு நம் வெயிலுக்கும் தீபாவளிச் சந்தைக்கும் அப்படியே பொருந்தாது. எனவே 2024இல் அறிமுகமான தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனத்தின் (நிஃப்ட்) விஷன்நெக்ஸ்ட் போன்ற இந்திய முயற்சிகளின் அறிக்கைகளையும் தொகுக்க வேண்டும்.

பட்டியலாக்கத்தில் ஒரு சிறு மாற்றம் போதும். மார்க் 21 பதிவில் 264ஆம் புலம் வெளியான ஆண்டைத் தருகிறது. எந்தப் பருவத்துக்கான கணிப்பு என்பதை 648இல் சேர்த்தால் இரண்டு வழியிலும் தேடலாம். துணி மாதிரிகளும் ஷேட் கார்டுகளும் வெளிச்சத்தில் வெளுக்கும், கை பட்டு அழுக்காகும், சில நேரம் கத்தரியும் படும். அவற்றை மூடிய பெட்டியில் வைத்து, நூலகத்துக்குள் மட்டும் பார்க்கக் கொடுப்பதே முறை. வெளியே இரவல் வேண்டாம்.

உரிமத்தையும் வரிவரியாகப் படிக்க வேண்டும். கல்விக் கட்டணத்தில் பெற்ற அணுக்கம் பெரும்பாலும் வணிகப் பயன்பாட்டைத் தடுக்கிறது. திருப்பூரில் பயிற்சிக்குப் போகும் மாணவர், கல்லூரிக் கணக்கில் இறக்கிய அறிக்கையை மெர்ச்சண்டைசரிடம் நீட்டினால் பொறுப்பு நூலகத்தின் தலையில் விடியும். பயிற்சிக்கு அனுப்பும் முன்பே இதை மாணவருக்குச் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த நிதிக்குழுவுக்குப் பயன்பாட்டு எண்ணிக்கையை மட்டும் கொண்டுபோகாதீர்கள். பழைய கணிப்பேடுகளை வைத்து உங்கள் மாணவர்கள் எழுதிய ஆய்வேடுகளின் பட்டியலையும் மேசையில் வையுங்கள். அப்படியொரு பட்டியல் இல்லையென்றால், அதை உருவாக்குவதே இந்த ஆண்டின் முதல் வேலை.