பெரிய வியாழன் அன்று ஓட்டுப் போட்ட ஊருக்கு

கெங்குவார்பட்டியிலும் சுற்றுப்பட்டிகளிலும் உள்ள சபையாருக்கு,

தோகாவிலிருந்து எழுதுகிறேன். மலையில் மழை உண்டா, மஞ்சளாறு அணையில் தண்ணீர் எவ்வளவு, மாம்பூ பிஞ்சு பிடித்ததா என்பதையெல்லாம் போனில் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதம் வேறு காரியத்துக்காக. சபை முழுவதும் சேர்ந்து பேச வேண்டியதை ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகச் சொன்னால் அது புறணி ஆகிவிடும். அதனால் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். கிறிஸ்தவ வீடுகள் ஓட்டுக்குப் பணம் வாங்கக் கூடாது. நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

2019 ஏப்ரல் 18 ஞாபகம் இருக்கிறதா? அன்று பெரிய வியாழன். நாடாளுமன்றத் தேர்தலோடு பெரியகுளம் சட்டமன்றத் தொகுதிக்கு இடைத்தேர்தலும் சேர்ந்து வந்ததால் ஒரே நாளில் ஆளுக்கு இரண்டு ஓட்டு. பரிசுத்த வாரத்தில் தேர்தல் வேண்டாம் என்று தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்கள் தேர்தல் ஆணையத்திடம் கேட்டார்கள், உயர் நீதிமன்றம் வரை போனார்கள். தேதி மாறவில்லை. ஆராதனைக்கு இடைஞ்சல் வருமே என்ற அந்தக் கவலை நியாயமானது. ஆனால் அதே வாரத்தில் நம் தெருக்களுக்குள் வந்த பணக் கவரைப் பற்றி எந்தச் சபையும் மனுக் கொடுத்ததாக நான் கேள்விப்படவில்லை.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை, ஏப்ரல் 16 இரவு, ஆண்டிபட்டியில் வருமான வரித் துறையினர் சோதனைக்குப் போனார்கள். கூட்டம் கூடித் தடுத்தது. போலீசார் வானத்தை நோக்கிச் சுட்டார்கள். பிடிபட்ட தொகை 1 கோடியே 48 லட்சம் ரூபாய். மொத்தம் 94 கட்டுகள். வார்டு எண், அந்த வார்டில் எத்தனை வாக்காளர், ஆளுக்கு 300 ரூபாய் என்று ஒவ்வொன்றின் மேலும் எழுதியிருந்தது. அதே நாளில்தான் பணப் பட்டுவாடாவுக்காக வேலூர் நாடாளுமன்றத் தேர்தலும் ரத்தானது. பரிசுத்த வாரத்தில் நம் சபைகளில் வாசிக்கிற வேதபாகம் மத்தேயு 26. யூதாஸ் பிரதான ஆசாரியரிடம் போய், எனக்கு என்ன தருவீர்கள் என்று கேட்கிறான். அவர்கள் முப்பது வெள்ளிக்காசு பேசி முடிக்கிறார்கள். அதைக் கேட்டுக் கண் கலங்கிவிட்டு வந்து, ராத்திரி தலைக்கு இவ்வளவு என்று எண்ணி வாங்கிய வீடுகள் நம்மிலும் உண்டு. சொல்ல வேதனையாக இருக்கிறது. சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எப்படிக் கொடுக்கிறார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஓட்டுக்கு ஒன்றிரண்டு நாள் முன்னால், தெரு அடங்கின பிறகு, நமக்குத் தெரிந்த பையன் ஒருத்தன்தான் வருவான். கையில் வாக்காளர் பட்டியல் நகல், சட்டைப் பையில் பேனா. என் வீட்டுக்கும் வந்தான். “உங்க வீட்ல நாலு ஓட்டுல்ல மதினி? அண்ணன் வெளிநாட்டுல இருக்காரு, அப்ப மூணு” என்று என் பெயருக்கு நேரே கோடு போட்டுவிட்டு, மூன்று பேருக்கு எண்ணியிருக்கிறான். எங்களுக்கு வேண்டாம் தம்பி என்று என் மனைவி சொன்னதும் அவன் கேட்டது: “அப்ப நீங்க அந்தக் கட்சியா?” பணத்தை மறுக்கிறவர்கள் எதிர்க்கட்சியிடம் வாங்கியிருப்பார்கள் என்பதைத் தவிர வேறு காரணம் அவனுக்குத் தோன்றவே இல்லை. அந்தப் பையன் நம் ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனம் சொல்லிப் பரிசு வாங்கினவன்.

என் பெயருக்கு நேரே விழுந்த அந்தக் கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நான் வேலை செய்கிற நாட்டில் எனக்கு ஓட்டு கிடையாது. ஊரிலோ, வெளிநாட்டில் இருக்கிற இந்தியர் படிவம் 6ஏ கொடுத்துப் பட்டியலில் சேரலாம் என்று 2011இலிருந்து சட்டம் இருக்கிறது. ஆனால் நேரில் வந்து வாக்குச்சாவடியில் நின்றால்தான் ஓட்டு. லீவு கேட்டு, விமான டிக்கெட் எடுத்து வர வேண்டும். எங்களில் பெரும்பாலோருக்கு அது நடக்காது. வெள்ளிக்கிழமை மெசைமீர் ஆலய வளாகத்தில் ஆராதனை முடிந்து நிற்கும்போது, தேர்தல் சமயமென்றால், ஊரில் யார் நிற்கிறார்கள், எப்படி இருக்கிறது என்பதுதான் பேச்சாக இருக்கும். ஓட்டுப் போட முடியாதவர்களுக்குத்தான் அதன் அருமை தெரிகிறது.

வாங்குகிறவர்கள் சொல்லும் நியாயங்களை நான் மதித்தே கேட்கிறேன். “அது நம்மகிட்ட அடிச்ச பணந்தானே, திரும்பி வருது, வாங்குனா என்ன?” என்கிறார்கள். அடித்த பணம் எப்படித் திரும்பி வரும் என்று லூக்கா 19இல் இருக்கிறது. சகேயு எல்லார் முன்பாகவும் எழுந்து நின்றான். யாரிடம் அநியாயமாய் வாங்கினானோ அவனுக்கே நாலத்தனையாய்த் திருப்பித் தருகிறேன் என்றான். பதிலுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ராத்திரியில் பட்டியலோடு வருகிற பணம் அப்படிப்பட்டதா? அது முதல் போடுகிறவன் பணம். வட்டியோடு எடுப்பான். சாக்கடைக் காண்டிராக்டில் எடுப்பான், குடிநீர் இணைப்பில் எடுப்பான், வீட்டு வரி போடுகிற இடத்தில் எடுப்பான். பட்டா மாற்றலுக்குக் காசு கேட்கிறார்கள் என்று புதன்கிழமை கூட்டத்தில் ஜெபக்குறிப்பு கொடுக்கிறோம். பவுலிடம் பணம் கிடைக்கும் என்று தேசாதிபதி பேலிக்ஸ் காத்திருந்ததால் பவுல் இரண்டு வருஷம் காவலிலேயே கிடந்தார் என்று அப்போஸ்தலர் 24இல் படித்துப் பரிதாபப்படுகிறோம். பேலிக்ஸை நாற்காலியில் உட்கார வைப்பது யார்?

“ரெண்டு பக்கமும் வாங்கிக்கிட்டு மனசாட்சிப்படி போடு” என்பது இன்னொரு பேச்சு. மேடைகளில் தலைவர்களே இதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் சத்தியம் பண்ணுவதைப் பற்றிப் பேசுகையில், நம் ஆம் ஆமாகவும் நம் இல்லை இல்லையாகவும் இருக்க வேண்டும் என்றார். இருவரிடமும் தலையாட்டி வாங்கிவிட்டு ஒருவரை ஏமாற்றுவது, அல்லது இருவரையுமே ஏமாற்றுவது, எந்த மனசாட்சியில் சேரும்? பிள்ளைகள் பக்கத்தில் நின்று பார்க்கிறார்கள்.

மூன்றாவது, “ஊரே வாங்குது.” இதற்கும் லஞ்சத்துக்கும் யாத்திராகமம் 23ஆம் அதிகாரம் ஒரே மூச்சில் பதில் சொல்கிறது. தீமை செய்யத் திரளானவர்களைப் பின்பற்றாதே என்பது இரண்டாம் வசனத்தின் கருத்து. பரிதானம் வாங்காதே, அது பார்வையுள்ளவர்களையும் குருடாக்கும் என்பது எட்டாம் வசனத்தின் கருத்து. இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. அரசாங்கச் சட்டமும் கொடுக்கிறவனோடு வாங்குகிறவனையும் குற்றவாளி என்றுதான் சொல்கிறது. முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 171பி, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 170. ஓராண்டு வரை சிறை உண்டு.

ஆனால் ஏழையின் கதை வேறு, அதைச் சேர்த்துப் பேசாமல் இந்த மடலை முடித்தால் நான் அநியாயக்காரன் ஆவேன். மாந்தோப்பில் காய் பறிக்கவும் கரும்பு வெட்டவும் போகிறவர்களுக்கு வருஷம் முழுவதும் வேலை இல்லை. ஊரக வேலைத் திட்டக் கூலி எப்போது கணக்கில் ஏறும் என்று காத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிச் செலவு நெருக்குகிற வீட்டில் ஓட்டுக்கு வருகிற அந்தச் சில நூறு ரூபாய்கூடப் பெரிய பணம். பசிக்காகத் திருடினவனை ஜனங்கள் இகழமாட்டார்கள் என்று நீதிமொழிகள் 6 சொல்கிறது. அந்த வீடுகளைப் பார்த்து விரல் நீட்ட எனக்கு மனம் வரவில்லை. நான் பேசுவது எங்களைப் போன்ற வீடுகளிடம். வளைகுடாப் பணத்தில் மாடி எடுத்த வீடுகள், மாதச் சம்பளம் வாங்குகிற வாத்தியார் வீடுகள், ரைஸ் மில்லும் தோப்பும் உள்ள வீடுகள். இந்த வீடுகளும் கை நீட்டுகின்றன. வேண்டாம் என்று சொன்னால் அடுப்பு எரியாமல் போய்விடுமா? ஏசாவாவது பசித்து, களைத்து, வெளியிலிருந்து வந்து கூழுக்காகச் சேஷ்டபுத்திர பாகத்தை விற்றான். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவுகிற நமக்கு அந்தச் சாக்கும் இல்லை.

நாபோத்தை எண்ணிப் பாருங்கள். நிலத்தின் அருமை தெரிந்த நம் பக்கத்து ஆட்களுக்கு 1 இராஜாக்கள் 21 நன்றாகப் புரியும். அவன் திராட்சத்தோட்டத்தைக் கேட்ட ராஜா மிரட்டவில்லை. இதைவிட நல்ல திராட்சத்தோட்டம் தருகிறேன், இல்லையென்றால் விலையாகப் பணம் தருகிறேன் என்று நயமாகவே கேட்டான். நாபோத் கணக்குப் பார்த்திருந்தால் லாபம்தான். பிதாக்கள் விட்டுப்போன சுதந்தரத்தைக் கொடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டான், அதற்காக உயிரும் போனது. நம் தாத்தா பாட்டிமார் காலத்தில் சொத்தோ படிப்போ உள்ளவர்களுக்குத்தான் ஓட்டு இருந்தது. கூலிக்காரனுக்கும் பண்ணையாருக்கும் ஒரே ஓட்டு என்று ஆனது அரசியலமைப்புச் சட்டம் வந்த பிறகு, 1951–52 பொதுத் தேர்தலில். நம் ஓட்டு அப்படி வந்த சுதந்தரம்.

இப்போது போதகர் ஐயாமாருக்கும், சபை மூப்பர்களுக்கும். சினிமாவைப் பற்றிப் பிரசங்கம் கேட்டிருக்கிறோம், நகையைப் பற்றி, குடியைப் பற்றி, கைப்பேசியைப் பற்றியும் கேட்டிருக்கிறோம். ஓட்டுக்குப் பணத்தைப் பற்றி நம் பிரசங்கபீடங்களில் சத்தமே இல்லை. ஏன் என்றும் தெரியும். தேர்தல் வந்தால் சபைக்கும் வருகிறது: ஆலயத்துக்குப் பெயிண்ட், பண்டிகைக்குப் பந்தல், வாலிபர் சங்கத்துக்குக் கிரிக்கெட் மட்டை. வாங்கிவிட்டு எப்படிப் பேச முடியும்? யூதாஸ் எறிந்துவிட்டுப் போன வெள்ளிக்காசை, இது இரத்தக்கிரயம், காணிக்கைப் பெட்டியில் போடலாகாது என்று பிரதான ஆசாரியர்களே ஒதுக்கி வைத்தார்கள். அந்த ஆசாரியர்களுக்கு இருந்த கூச்சம்கூட நமக்கு இல்லாமல் போகலாமா? சபைக்குள்ளும் தேர்தல் இருக்கிறது. தென்னிந்தியத் திருச்சபையின் மேலிடத் தேர்தல் சண்டை உயர் நீதிமன்றம் வரை போய், ஓய்வுபெற்ற நீதிபதிகள் வந்து நிர்வாகம் பார்க்க வேண்டிய நிலை வந்ததை நாம் எல்லாரும் பேப்பரில் படித்தோம். தலைவர்கள் பரிதானத்துக்கும் ஆசாரியர்கள் கூலிக்கும் தீர்க்கதரிசிகள் பணத்துக்கும் வேலை செய்கிறார்கள் என்று மீகா மூன்று பேரையும் சேர்த்தே கண்டித்தான். அரசியல்வாதியை மட்டும் அவன் தனியாகப் பிரித்துப் பேசவில்லை.

கண்டிப்பாக இருந்தால் ஆள் குறைந்துவிடும் என்ற பயம் நம் சபைகளுக்குப் புதிதல்ல. 1834இல் தொடங்கின அமெரிக்கன் மதுரை மிஷன், 1847இல் சாதியை விடாதவர்கள் சபையில் இருக்க முடியாது என்று தீர்மானித்தது. எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றது. உபதேசியார்கள் உட்படப் பலர் விலகிப் போனார்கள். மிஷன் தீர்மானத்தை மாற்றிக்கொள்ளவில்லை. நம் பக்கத்துச் சபைகள் பல அந்த மிஷன் நட்டவை. (சாதி நம்மிடமிருந்து முழுதாய்ப் போய்விட்டதா என்பதைத் தனியாக ஒரு மடலில்தான் எழுத வேண்டும்.)

அதே கண்டிப்பு ஓட்டுக்குப் பணத்திலும் வேண்டும், இது எங்கோ நடப்பது அல்ல. திருமங்கலம் நமக்கு எட்டின தூரம்தான். 2009 இடைத்தேர்தலில் ஓட்டுக்கு 5,000 ரூபாய் காலைப் பேப்பருக்குள் வைத்துப் போடப்பட்டது என்ற செய்தி, 2011இல் வெளியான அமெரிக்கத் தூதரகக் குறிப்பில் உலகம் முழுக்கப் போனது. 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017இல் ஆர்.கே.நகர் என்று பணத்துக்காகத் தேர்தல் நின்ற தொகுதிகள் வரிசையாக உண்டு. அடுத்து நம் வாசலுக்கு மிக அருகில் வருவது பேரூராட்சித் தேர்தல். 2022 பிப்ரவரி 19இல் தேர்ந்தெடுத்த வார்டு உறுப்பினர்களுக்கு 2027 தொடக்கத்தோடு ஐந்தாண்டு நிறைகிறது. வார்டுத் தேர்தலில் ஒன்றிரண்டு குடும்பங்களின் ஓட்டே முடிவை மாற்றும். அதனால்தான் அங்கே ஓட்டின் விலையும் ஏறுகிறது. அங்கே இருபது வீடு உறுதியாக நின்றாலே வேட்பாளர் வேறு விதமாகப் பேசத் தொடங்குவார்.

ஆகவே நான் கேட்பது: அடுத்த சபைப் பொதுக்கூட்டத்தில் இதை எடுங்கள். வாங்கமாட்டோம் என்று விரும்புகிற குடும்பங்கள் எழுந்து சொல்லட்டும், யாரையும் கட்டாயப்படுத்த வேண்டாம். எந்தக் கட்சிக்கு ஓட்டு என்பதை யாரும் யாரிடமும் கேட்கக் கூடாது, அது அவரவர் காரியம். தேர்தல் அறிவித்த நாளிலிருந்து எந்த வேட்பாளரிடமும் ஆலயத்துக்கு ஒரு ரூபாய்கூட வாங்குவதில்லை என்று கமிட்டி எழுதி வைக்கட்டும். பெண்கள் ஐக்கிய சங்கத்தார் முன்னால் நில்லுங்கள், ஏனென்றால் ராத்திரியில் கதவைத் திறப்பது நீங்கள்தான்.

கஷ்டப்படுகிற வீட்டுக்கு வேண்டாம் என்று சொல்கிற தைரியத்தைச் சபைதான் கொடுக்க வேண்டும். ஆதித் திருச்சபையில் ஒருவருக்கும் குறைச்சல் இல்லை என்று அப்போஸ்தலர் 4இல் படிக்கிறோம். மருத்துவச் செலவுக்கும் பள்ளிக்கூடத் தொடக்கச் செலவுக்கும் சபையில் ஒரு உதவி நிதி வையுங்கள். கணக்கை மாதாமாதம் ஆலயச் சுவரில் ஒட்டுங்கள். கத்தாரிலும் குவைத்திலும் துபாயிலும் இருக்கிற நம் ஊர்ப் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு தொகை மாதம் தவறாமல் அனுப்ப வேண்டும். நான் என் பங்கை அனுப்ப ஆயத்தமாக இருக்கிறேன், மற்றவர்களிடமும் பேசிக்கொண்டிருக்கிறேன். கணக்கு யார் பெயரில் என்று கமிட்டி முடிவு செய்து எழுதினால் போதும்.

கர்த்தருக்குள்,
உங்கள் சபைப் பிள்ளை ஒருவன்,
தோகா, கத்தார்.