பல் பிடுங்கிய பாசம்

2009 ஆம் ஆண்டு இணையத்தில் வெளியாகி, உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் பார்த்து மகிழ்ந்த காணொளி ஒன்றைச் சிலர் இன்னும் மறந்திருக்கமாட்டார்கள். ரஷ்யாவில் ஒரு வீட்டில் மல்லாந்து கிடக்கும் சிறிய தேவாங்கு ஒன்றின் அக்குளில் ஒருவர் கிச்சுக்கிச்சு மூட்டுகிறார். அது இரு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்திப் பெரிய கண்களை விழித்தபடி கிடக்கிறது. பார்த்தவர்கள் அதனைக் குழந்தையின் குதூகலம் என்றே கொண்டனர். ஆனால், துறைசார் ஆய்வாளர்கள் அளித்த விளக்கம் வேறு. 'ஸ்லோ லோரிஸ்' எனப்படும் இத்தேவாங்கு இனத்தின் மேற்கைகளில் முழங்கையை அண்டிய ஒரு சுரப்பி உண்டு. அதன் சுரப்பு உமிழ்நீருடன் கலக்கும்போது நஞ்சாகிறது. குரங்கினத்தை உள்ளடக்கிய முதனி வரிசையில் நஞ்சுடைய விலங்கு இது ஒன்றே. ஆபத்தை உணரும்போது அந்தச் சுரப்பியை வாய்க்கு எட்டச் செய்வதற்காகவே அது கைகளை உயர்த்துகிறது. அதாவது, உலகம் எதனைப் பார்த்துச் சிரித்ததோ, அது ஒரு பிராணியின் அச்சம்.

அக்காணொளியைத் தொடர்ந்து இவ்வினத்தை வளர்க்க விரும்புவோர் பெருகினர். சர்வதேச வர்த்தகத்தை ஒழுங்குபடுத்தும் 'சைட்டிஸ்' உடன்படிக்கை 2007 ஆம் ஆண்டிலேயே இவற்றை முதலாம் பின்னிணைப்பில் சேர்த்து வணிக நோக்கிலான சர்வதேச விற்பனையைத் தடுத்திருந்தது. எனினும், ஜகார்த்தா போன்ற நகரங்களின் விலங்குச் சந்தைகளில் விற்பனை நின்றுவிடவில்லை. 2013 ஆம் ஆண்டு தாய்லாந்தின் புக்கெட் தீவுக்குச் சென்ற பாடகி ரியானா, தோளில் தேவாங்குடன் எடுத்த படத்தை வெளியிட்டார். அதன் பின்னர் இருவர் கைது செய்யப்பட்டனர். பாடகியைக் குறைகூறுவது இங்கு எமது நோக்கமன்று. அவர் அறியாத ஒன்றை அப்படத்தை விரும்பிய பல்லாயிரம் பேரும் அறிந்திருக்கவில்லை.

அவர்கள் அறியாதது யாதெனில், கடிக்கும் பிராணியை மடியில் வைத்துக் கொஞ்ச முடியாது என்பதால், சந்தைக்கு வருமுன்னரே அதன் முன்பற்களை வியாபாரிகள் நகவெட்டியாலோ குறட்டாலோ துண்டித்துவிடுகிறார்கள் என்பதாகும். மயக்க மருந்து எதுவும் கிடையாது. ஈறு சீழ்ப்பிடித்து இறப்பவை பல. பிழைப்பவற்றுக்கும் விமோசனம் இல்லை. மரப்பட்டையைப் பல்லால் கீறி அதில் ஊறும் பிசினை உண்டு வாழும் விலங்கு அது. தன் ரோமத்தைக் கோதுவதும் பல்லாலேயே. அதனால், பல் போன தேவாங்கை அதிகாரிகள் மீட்டெடுத்தாலும் காட்டில் விடமுடிவதில்லை. மேற்கு ஜாவாவின் போகோர் நகருக்கு அருகிலுள்ள மீட்பு நிலையத்தில் அத்தகைய தேவாங்குகள் ஆயுள் முழுவதையும் கூண்டிலேயே கழிக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டன.

இவ்விடயத்தில் நாம் வலியுறுத்த விரும்புவது ஒன்றே. ஒரு பிராணியின் உறுப்பைச் சிதைத்த பின்னர்தான் அதனுடன் ஒரு வீட்டில் வாழமுடியும் என்றால், அப்பிராணி அந்த வீட்டுக்கு உரியதன்று என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. பல்லைப் பிடுங்கியவர் தாம் வளர்ப்பது காட்டு விலங்கு என்பதைத் தமது கையாலேயே ஒப்புக்கொள்கிறார். ஆனால், அவர் தரும் விளக்கம் பாசம் என்பதாகவே இருக்கிறது.

காட்டு விலங்குகளோடு இது முடிந்துவிடுவதுமில்லை. பூனையின் நகம் களைதல் அமெரிக்காவில் நெடுங்காலம் சாதாரண சிகிச்சையாகக் கருதப்பட்டது. உண்மையில் அது நகம் வெட்டுவதன்று. விரல் ஒவ்வொன்றினதும் கடைசி எலும்பை மூட்டோடு துண்டிப்பதாகும். செற்றியின் துணி கிழியாதிருக்க வேண்டும் என்பதற்காக ஒரு பிராணியின் விரல் நுனிகள் வெட்டப்பட்டன. 2019 இல் நியூயோர்க் மாநிலம் இதனைத் தடை செய்தது. விஷப்பாம்புகளை வளர்ப்போரில் சிலர் அவற்றின் நச்சுச் சுரப்பிகளை அறுவை மூலம் அகற்றிவிடுகிறார்கள். பல் பிடுங்கிய பாம்பு என்ற வழக்கு நம் மொழியிலேயே ஏறியிருக்கும்போது மேலைநாட்டாரை மட்டும் பழிப்பதில் அர்த்தமில்லை. பாம்பின் நச்சுப்பல் மீண்டும் முளைக்கும். ஆகவே பிடுங்குதலும் ஒருமுறையோடு நிற்பதில்லை. தெற்காசிய நீர்நிலைகளுக்குரிய, உடல் ஊடுருவித் தெரியும் கண்ணாடி மீனுக்கு ஊசியால் சாயம் ஏற்றி விற்கும் வியாபாரமும் உண்டு. சில மாதங்களில் சாயம் மங்கிவிடும். அதற்குள் மீன் பெரும்பாலும் இறந்திருக்கும்.

இவையெல்லாம் தீர்ப்புக் கூறுவதற்கு எளிதானவை. எளிதல்லாதவையும் உண்டு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 1999 இல் ஜெலி மீனின் மரபணு ஒன்றைச் சிறு வரிமீனில் புகுத்தி ஒளிரச் செய்தார்கள். நீர் மாசடைவதைக் கண்டறிவதே அவர்களது நோக்கமாக இருந்தது. 2003 இன் இறுதியில் அமெரிக்காவில் அது அலங்கார மீனாகச் சந்தைக்கு வந்தது. இங்கே கத்தியுமில்லை, ஊசியுமில்லை. மீன் ஒளிருடனேயே பிறக்கிறது. அது வேதனைப்படுகிறது என்று கூறுவதற்கு எம்மிடம் ஆதாரமில்லை. எனவே கொடுமை என்று அதனைச் சாடுவது நேர்மையாகாது. பிரேசிலின் நீரோடைகளில் அது தப்பிப் பெருகியிருப்பதாக 2022 இல் ஆய்வாளர்கள் அறிவித்தமை வேறொரு கவலை. மறுபுறம், மரபணுக் கூடம் எதுவுமின்றி வெறும் இனச்சேர்க்கைத் தெரிவின் மூலம் உருவாக்கப்பட்ட 'ஸ்பைடர்' வகை மலைப்பாம்பு, அழகிய நிறத்தோடு தலை நடுங்கும் நரம்புக் குறைபாட்டையும் சேர்த்தே சுமந்து பிறக்கிறது. ஆகவே, மாற்றம் எந்த வழியில் செய்யப்பட்டது என்பதைவிட, அதன் விலையை யார் செலுத்துகிறார் என்பதே எமக்கு முக்கியமாகப்படுகிறது.

தெருநாய்களுக்குச் செய்யப்படும் கருத்தடையும் உடல் மாற்றந்தானே என்று வாதிடுவோர் உளர். 2006 இல் நம் நாட்டில் தெருநாய்களைக் கொல்வது நிறுத்தப்பட்ட பின்னர், விசர்நாய்க்கடிக்கு எதிரான தடுப்பூசியும் கருத்தடையுமே மாற்றுவழியாகின. மயக்க மருந்துடன், கைவிடப்பட்டு மடியும் குட்டிகளைக் குறைக்கும்பொருட்டுச் செய்யப்படும் அறுவையையும் செற்றித் துணிக்காகச் செய்யப்படும் அறுவையையும் ஒரே தராசில் வைப்பது முறையன்று.

இனி நம் முற்றத்துக்கு வருவோம். மீனாட்சியின் கரத்தில் கிளியைக் கண்டு வணங்கும் சமூகத்தில், இறக்கை வெட்டிய கிளியைக் கூண்டில் வைத்திருப்பது எவருக்கும் உறுத்துவதில்லை. கிளி பறந்துவிடக்கூடாது என்பதற்காகவே இறக்கை வெட்டப்படுகிறது. தேவாங்கின் பல்லுக்கும் இதற்கும் வேதனையின் அளவில் பெரும் வேறுபாடு உண்டு. வெட்டிய இறகு மீண்டும் வளரும். ஆயினும் காரணம் ஒன்றுதான்.

இஸ்லாமிய மரபில் இவ்வேறுபாடு தெளிவாகவே பேசப்பட்டிருக்கிறது. தாம் வைத்திருந்த சிறுகுருவி இறந்த துயரில் இருந்த அபூ உமைர் என்ற சிறுவனிடம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கனிவாக விசாரித்த செய்தி ஹதீஸில் உள்ளது. இதனைக் கொண்டு, நன்கு பராமரிப்பதாயின் பறவை வளர்க்கலாம் என்று அறிஞர்கள் விளக்கினர். அதேவேளை, பூனையை அடைத்து வைத்து, உணவும் கொடாமல், தானாகத் தேடி உண்ணவும் விடாத பெண் தண்டனைக்குள்ளானதாகவும் ஹதீஸ் கூறுகிறது. உயிருள்ள பிராணியின் உறுப்பைச் சிதைப்பதும் கண்டிக்கப்பட்டிருக்கிறது. வளர்ப்பதற்கு அனுமதி உண்டு, சிதைப்பதற்கு இல்லை என்பதே இவற்றிலிருந்து நாம் விளங்கிக்கொள்வது.

நம் நாட்டுத் தேவாங்குகள் நஞ்சற்றவை. 1937 ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. காட்டு விலங்குகளுக்கு அச்சட்டம் ஓரளவேனும் அரணாக உள்ளது. வீட்டில் வளரும் பிராணியின் உடலுக்கோ 1907 ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டமே நெடுங்காலம் துணையாக இருந்தது. அச்சட்டம் விதித்த உச்ச அபராதம் 100 ரூபா. நூறாண்டு கடந்த பின்னரும் தொகை மாறவில்லை. அதனை இங்கு விட்டுச்சென்ற பிரித்தானியா, 2006 இல் தனது விலங்கு நலச் சட்டத்தில், விலக்களிக்கப்பட்ட சிகிச்சைகள் தவிர்ந்த உறுப்புச் சிதைவு அனைத்தையும் குற்றமாக்கியது. அதே 2006 இல்தான் நமது சட்ட ஆணைக்குழுவும் புதிய விலங்கு நலச் சட்டமூலமொன்றை வரைந்தது. அதன்பின் அரசாங்கங்கள் பல மாறின. சட்டமூலம் அமைச்சரவைக்கும் திணைக்களங்களுக்கும் இடையே ஆண்டுக்கணக்கில் அலைந்தது. அக்காலம் முழுவதும், மருத்துவக் காரணமின்றிச் செல்லப்பிராணியின் காதையோ வாலையோ வெட்டுவித்தவர் பிடிபட்டாலும் அவர் செலுத்தவேண்டிய உச்ச அபராதம் அந்த 100 ரூபாவாகவே இருந்தது.