கரு என்ன என்று கேட்காதீர்கள்

பூந்தமல்லியில் என் எதிர்வீட்டுப் பையன் பி.காம் முதல் வருஷம் படிக்கிறான். செமஸ்டருக்கு முந்தின நாள் ராத்திரி பார்ட் ஒன் தமிழ் நோட்ஸோடு வந்து நின்றான். பாடம் புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’. நோட்ஸில் கதை இல்லை, அதன் போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்தான் இருந்தது. கதைக்கரு: வறுமை. பாத்திரங்கள்: அம்மாளு, முருகேசன். நடை: எளிய நடை. உத்தி: நனவோடை. 1934-இல் வந்த அந்தச் சின்னக் கதையில் நனவோடை எங்கே ஓடுகிறது என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. கூவம் வேண்டுமானால் ஓடலாம்.

கதையைப் போனில் தேடி எடுத்து வாசிக்க வைத்தேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. “என்னண்ணா, இந்த ரைட்டர் அந்தப் பொம்பளைய அசிங்கப்படுத்துறாரு?” என்றான்.

அவன் மேல் தப்பில்லை. வண்டி விபத்தில் அடிபட்டுக் கிடக்கும் புருஷனுக்குப் பால் கஞ்சி வேண்டும். கையில் காசில்லை. அம்மாளு ஒருவனோடு இருட்டுச் சந்துக்குள் போய் முக்கால் ரூபாய் சம்பாதிக்கிறாள். உடனே ஒரு குரல் கற்பைப் பற்றிப் பேசிக் கதையை முடிக்கிறது. அது யாருடைய குரல்? யாரைப் பார்த்துப் பேசுகிறது? ‘கதைசொல்லி’ என்ற ஒரு சொல்லை இவனுக்கு யாராவது உருப்படியாகச் சொல்லிக் கொடுத்திருந்தால், அந்தக் குத்தல் அம்மாளுவின் மேல் விழவில்லை, கற்பு கற்பு என்று முழங்குகிறவர்கள் மேல்தான் விழுகிறது என்று அவனே கண்டுபிடித்திருப்பான். நான் அந்த இரண்டு கேள்வியைக் கேட்டதும் கண்டுபிடித்தான். நோட்ஸ் எழுதிய புண்ணியவான் நாலைந்து கலைச்சொல் கொடுத்தார், வேண்டிய ஒன்றைக் கொடுக்கவில்லை.

‘கரு’ என்று எதைச் சொல்கிறோம்? ஒருவருக்கு அது கதைச்சுருக்கம், இன்னொருவருக்கு மையக்கருத்து, மூன்றாமவருக்கு நீதி. என் தொழிலில் ஒரே வேரியபிளுக்கு மூன்று பேர் மூன்று அர்த்தம் வைத்தால் ராத்திரி ரெண்டு மணிக்குப் போன் வரும். தமிழ்ப் பரீட்சையில் மார்க் வருகிறது.

இத்தனைக்கும் தொல்காப்பியத்தில் கரு என்பது கைக்குச் சிக்குகிற பொருள். முதல், கரு, உரி என்ற மூன்றில் நடுவில் நிற்பது. ஒரு நிலத்துக்குரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் எல்லாம் கருப்பொருள். உள்ளுறை உவமம் அவற்றை வைத்துத்தான் பேசாமல் பேசுகிறது. அந்தக் கண்ணோடு ‘பொன்னகர’த்தைப் பாருங்கள். உணவு பால் கஞ்சி, விலங்கு ஜட்கா குதிரை, தொழில் மில் கூலி. கதை மொத்தமும் அந்தக் கஞ்சியில் இருக்கிறது. ‘வறுமை’ என்று எழுதியவர் கஞ்சியைக் கொட்டிவிட்டுப் பாத்திரத்தைக் கழுவி வைத்திருக்கிறார்.

இதையெல்லாம் சொன்னால் இலக்கிய நண்பர்கள் வேறு பக்கத்திலிருந்து அடிக்க வருவார்கள். கலைச்சொல் எல்லாம் பேராசிரியர்களின் சரக்கு, வாசகனுக்கு ரசனை போதுமாம். சரி, 1915-இல் வ.வே.சு. ஐயர் ‘குளத்தங்கரை அரசமர’த்தை எழுதினார். கதை சொல்வதே மரம்தான். குளத்தங்கரையை விட்டு அதனால் நகர முடியாது. ருக்மிணியின் வீட்டுக்குள் நடப்பதை அது காதால் கேட்டுத்தான் சொல்ல முடியும். அந்த எல்லைதான் கதையின் வலி. ‘நோக்குநிலை’ என்ற சொல் இல்லாமல் ரசனை இதை எப்படிப் பேசும்? “அருமை சார்” என்றுதான்.

2014-இல் சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்திலிருந்து ‘துன்பக்கேணி’ நீக்கப்பட்டது. கதை தலித் மக்களை இழிவுபடுத்துகிறது என்றார்கள் ஒரு பக்கம், மேதைமேல் கை வைக்காதே என்றார்கள் மறுபக்கம். நீக்கச் சொன்னவர்களின் காயம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கதையில் வரும் ஒரு வசை பாத்திரத்துடையதா, கதைசொல்லியுடையதா, புதுமைப்பித்தனுடையதா என்று பிரித்துக் கேட்காமல் இரண்டு தரப்புமே தன் வழக்கை நிரூபிக்க முடியாது. மூன்றாவதுதான் என்று விடை வந்தால் அதையும் வகுப்பிலேயே சொல்ல வேண்டியதுதானே? கதையை எடுத்துவிட்டால் கேள்வியும் சேர்ந்து போய்விடுகிறது.

பையன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். கதைசொல்லி என்பதை நோட்ஸின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கூட வைத்தான். கிளம்பும்போது வாசலில் திரும்பி, “அண்ணா, கரு ரெண்டு மார்க் கேள்வி. வறுமைன்னே எழுதிடட்டுமா?” என்றான்.

எழுதச் சொன்னேன்.